முந்நூற்றுப் பதின்மூன்று குரல்கள்

'உங்கள் தனியுரிமையை நாங்கள் மதிக்கிறோம்' என்று அடித்தான், அழித்தான், வேறு எதுவும் தோன்றாமல் மறுபடி அதையே அடித்தான். நாங்களாம். இருக்கிறது ஒரே ஒரு குணசீலன், நாற்பத்தாறு வயசு, திண்டுக்கல்லில் ஒரு இன்ஜினியர் ஆபீஸ் மாடியில் உட்கார்ந்து வீட்டு பிளான் வரைகிறவன். எதிரே திறக்காத டிபன் பாக்ஸ், தலைக்கு மேலே கடகடவென்று ஒரு ஃபேன். இன்ஜினியர் சைட்டுக்குப் போயிருக்கிறார், மூணு மணிக்குத்தான் வருவார், அதே மூணு மணிக்குள் இந்த எழவெடுத்த கொள்கையை எழுதி அனுப்பியாக வேண்டும். சென்னையில் ஒரு காலேஜில் பேச்சுப் பயிற்சித் துறையில் இருக்கிற ஒரு மேடம் மெயில் போட்டிருந்தார். திக்குகிறவர்களுக்காக நீங்கள் நடத்துகிற 'சொல்லி முடிக்கட்டும்' தளத்தைப் பார்த்தோம், ரொம்ப உபயோகமாக இருக்கிறது, எங்களிடம் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பட்டியலில் சேர்க்கிறோம், ஆனால் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கமே இல்லையே, வருகிறவர்களிடமிருந்து என்னென்ன சேகரிக்கிறீர்கள் என்று எழுதிப் போட்டுவிடுங்கள், இன்று மூன்று மணிக்குப் பட்டியலை மூடுகிறோம் என்று. படித்ததும் குணசீலனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சேகரிக்கிறோமா? நாம என்ன பெரிய கம்பெனியா? அவனும் திக்குகிறவன்தான், ஐந்து வயசிலிருந்து. ஊரில் தன்னை மாதிரி இருக்கிற நாலு பேர் எட்டிப் பார்க்கட்டும் என்று ஆரம்பித்த தளம் அது. அதில் சேகரிக்க என்ன இருக்கிறது, பத்து வரியில் எழுதிவிடலாம் என்றுதான் காலையில் நினைத்தான்.

நினைத்ததோடு நின்றிருக்கலாம். எதற்கும் கேட்டு வைப்போம் என்று இன்பராஜுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி போட்டான். இன்பராஜ் திருச்சிக்காரன், தளத்தைக் கட்டிக் கொடுத்தவன், சாவியெல்லாம் அவன் கையில்தான். குணசீலனுக்கு எழுதினதை ஏற்றவும் உள்ளே இருக்கிறதைப் பார்க்கவும் மட்டும்தான் அனுமதி. தம்பி, நம்ம தளத்துக்கு வர்றவங்ககிட்டருந்து நாம என்னென்ன எடுக்கிறோம்? ஒன்றே காலுக்குப் பதில் வந்தது, மளிகைச் சாமான் லிஸ்ட் மாதிரி. எந்த ஊர். எந்த போன். நெட் இணைப்பின் நம்பர். எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்தப் பக்கத்தில் எத்தனை நிமிஷம் நின்றார்கள், போன தடவை வந்தவர்தானா என்று கண்டுபிடிக்க அவர்கள் போனிலேயே போட்டு வைக்கிற ஒரு சின்ன அடையாளம், என்ன தேடி வந்தார்கள். 'இன்டர்வியூவில் பேர் சொல்ல வரவில்லை.' 'திக்குவாய் கல்யாணம் சொல்லணுமா.' அடப்பாவமே. வர்ற ஜனங்க செருப்பைக் கழட்டி வாசல்ல விடறதுக்குள்ள நாம இவ்வளவும் எழுதி வச்சுக்கிறோமா? ஊர் விஷயம் அவனுக்குத் தெரியும், தெரியாது என்று சொல்ல முடியாது, தினம் காலையில் பல் விளக்கினதும் முதல் வேலையாக அந்த வரைபடத்தைத் திறந்து பார்க்கிறவன்தானே. மேலூரில் ஒரு புள்ளி, பட்டுக்கோட்டையில் ரெண்டு, துபாயில் ஒன்று, ஒரு நாள் யாழ்ப்பாணம்கூட. நாம மட்டும் இல்லடா என்று நெஞ்சு நிறையும். அது சேகரிப்பு என்று தோன்றியதே இல்லை, துணை என்றுதான் தோன்றியது. அவங்களைக் கேட்டியா? கேட்கவில்லை. சரி, இதையெல்லாம் எழுதிவிடலாம், எல்லாத் தளத்திலும் இருக்கிறதுதான் என்று மேலே மேலே தள்ளிக்கொண்டு போனான், கடைசி வரி வந்தது. குரல் பதிவுகள், சர்வரில் பத்திரமாக உள்ளன, மொத்தம் 312.

முதலில் புரியவே இல்லை. என்ன குரல்? பிறகுதான் உறைத்தது. தளத்தில் பயிற்சி அறை என்று ஒரு பக்கம் உண்டு. நாலு வரிப் பத்தி ஒன்று இருக்கும், சிவப்புப் பட்டனை அமுக்கி அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும், வாசித்து முடித்ததும் உங்கள் குரலை நீங்களே போட்டுக் கேட்கலாம், எங்கே மாட்டுகிறது என்று தெரியும், அவ்வளவுதான், பக்கத்தை மூடினால் போயிற்று. போயிற்று என்றுதான் இவன் நினைத்துக்கொண்டிருந்தான். பட்டனுக்கு மேலே பெரிய எழுத்தில் அவனே எழுதி வைத்திருக்கிறான்: 'இந்தக் குரல் உங்களைத் தவிர வேறு யாருக்கும் கேட்காது, பயப்படாமல் திக்குங்கள்.' எத்தனை பேர் அந்த வரிக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சார், நான் கதவைச் சாத்திக்கிட்டு முதல் தடவை சத்தமா வாசிச்சேன் சார் என்று ஒருவர். அவருடையதும் அங்கே இருக்குமே. இன்பராஜ் பயலே, யாரைக் கேட்டுடா வச்சிருக்கே என்று கோபம் கோபமாக வந்தது, அதையே தட்டப் போனவன் பாதியில் நிறுத்தினான். யாரைக் கேட்டா? உன்னைத்தான் கேட்டான்.

நத்தம் ரோட்டு சைட். ரெண்டு வருஷம் இருக்கும். மேல்தளம் கான்கிரீட் போடுகிற நாள், மிக்சர் மிஷின் போடுகிற சத்தத்தில் காது அடைத்துப்போயிருந்தது, அப்போது இன்பராஜ் கூப்பிட்டான். எல்லாம் மெசேஜிலேயே பேசிக்கொள்வார்கள், போனில் பேசியது அந்த ஒரு தடவைதான். சார், ஒரே ஒரு விஷயம், வாசிக்கிறவங்க குரலை சர்வர்ல வைக்கவா, டெலிட் பண்ணிடவா? டெலிட், டெலிட் என்று மனசு கத்தியது. மனசுக்கு என்ன, அது என்றைக்குத் திக்கியிருக்கிறது, உள்ளே ஆறாகத்தான் ஓடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஆணி அடித்த மாதிரி. அழி என்று சொல்லலாம் என்றால் தொண்டை மூடிக்கொண்டது. எதிரே கொத்தனார் ரெண்டு கையையும் விரித்து, சார், கம்பி இடைவெளி சரியா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். இன்பராஜ் ஹலோ ஹலோ என்கிறான். வைங்க என்று வந்தது வாயில். வழுக்கிக்கொண்டு வந்தது. 'வ' எப்போதுமே அவனை ஏமாற்றியதில்லை. சரி சார் என்று அவன் வைத்துவிட்டான். சாயந்திரம் மெசேஜ் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று இவன் நினைத்தான், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுகிற கவலையில் மறந்தான். ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாமல் இன்னொரு வார்த்தையைச் சொன்னான், அதற்கு முந்நூற்றுப் பன்னிரண்டு குரல்கள் மாட்டின.

இது இன்றைக்கு நேற்றுப் பழக்கமா? டீக்கடையில் போய் நின்று முப்பது வருஷமாகப் பால் குடிக்கிறான். டீ என்று சொல்ல வராது, பால் வரும். கடைக்காரர் இவனுக்கு அல்சர் என்று முடிவு பண்ணி, ஆற்றிக் கொடுக்கிறார் அந்த மனுஷன், பாவம். காந்திகிராமம் போக வேண்டியவன் சின்னாளபட்டிக்கு டிக்கெட் எடுத்து இறங்கி வெயிலில் நடந்திருக்கிறான். பேரைக் கேட்டால் குணசீலன் என்று சொன்னதே இல்லை, 'கு'வில் மூச்சே நின்றுபோகும், சீலன் என்பான், ஆபீசில் பாதிப் பேருக்கு அவன் முழுப் பேர் தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் செண்பகவல்லியின் அப்பா, என்ன மாப்பிள்ளை, பிடிச்சிருக்கா என்று கேட்டார். கொஞ்சம் யோசிக்கணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், சரி என்று வந்தது. பதினெட்டு வருஷம் ஆயிற்று. நல்லவேளை, அது நன்றாகவே அமைந்துவிட்டது, அதை அவளிடம் சொன்னால் மட்டும் தொலைந்தான். ஆனால் இதெல்லாம் அவன் பாடு. பிடிக்காத பாலைக் குடித்தால் அவன் வயிறு, வெயிலில் நடந்தால் அவன் கால். அடுத்தவன் குரல் அப்படியா? கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தன் திக்குவது என்றால் என்ன என்று தெரியாத எவனாவது இதைச் செய்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். தெரிஞ்ச நீ செஞ்சிருக்கியே.

அந்தக் கடைசி வரியோடு இன்பராஜ் அனுப்பியிருந்த இணைப்பை அமுக்கினான், அமுக்கியிருக்கக் கூடாது. வரிசை வரிசையாகப் பட்டியல் திறந்தது. பேர் கிடையாது. தேதி, மணி, ஊர், எந்த போன், எவ்வளவு நீளம், அவ்வளவுதான். அந்த நீளம் போதாதா? இருபது விநாடியில் வாசித்து முடிக்கிற பத்தி அது, செண்பகவல்லி வாசித்தால் பதினெட்டு. இங்கே ஒருவருக்கு நாலு நிமிஷம் பதினொரு விநாடி. போட்டுக் கேட்கவே வேண்டாம், அந்த நாலு நிமிஷத்துக்குள் என்ன நடந்திருக்கும், உதடு எப்படிப் பூட்டியிருக்கும், கண் எப்படி இறுக மூடியிருக்கும் என்று குணசீலனுக்குத் தெரியும். இன்னொருவர் ரெண்டு விநாடி, ரெண்டு விநாடி, மூணு விநாடி, ரெண்டு விநாடி. ஆரம்பித்து ஆரம்பித்து மூடியிருக்கிறார், அப்புறம் வரவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு முக்கோணம், அமுக்கினால் பேசும். விரல் அங்கே போய் நின்றது, பொய் சொல்வானேன், நின்றது. வாழ்நாளில் தன்னைத் தவிர வேறு ஒருத்தர் திக்கி அவன் முழுசாகக் கேட்டதில்லை. ஒரே ஒன்று கேட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது? யாருக்கும் தெரியாது. அதனால்தானே கேட்கக் கூடாது, மடையா. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். இலுப்பூர் என்று ஒரு ஊர் திரும்பத் திரும்ப வந்தது. அதே போன், வேலை நாளில் மட்டும், தினமும் ஒன்று நாற்பதுக்கு. யாரோ சாப்பாட்டு நேரத்தில் எங்கேயோ ஒதுங்கிப் போய் வாசிக்கிறார்கள். ஆணோ பெண்ணோ, ஏனோ அவனுக்குப் பெண்ணாகத்தான் தோன்றியது. முதல் மாசம் மூணு ஐம்பது, அப்புறம் மூணு இருபது, போன வாரம் ரெண்டு நாற்பத்தைந்து. அவளுக்கு யார் சபாஷ் சொல்லியிருப்பார்கள்? யாரும் இல்லை. இவன் சொல்ல முடியுமா? சொன்னால் அவள் செத்தே போவாள்.

மணி ஒன்று முப்பத்தெட்டு. கொள்கைக்குத் திரும்பினான். பெரிய பெரிய தளங்களில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தான். 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு சில தகவல்கள் தானாகவே சேகரிக்கப்படலாம்.' படலாமாம்! யாரும் எடுக்கவில்லை, அதுவாகப் போய்ப் பெட்டியில் விழுந்ததாம். ஆனால் வேலை நடக்கும். இந்த ஒரு வரியைப் போட்டுவிட்டால் மேடமும் திருப்தி, பட்டியலிலும் சேர்ந்தாயிற்று, யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை, குரல் என்ற வார்த்தையே வர வேண்டாம். அவனுக்கு இது புதுசா என்ன? அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்டுறதுக்கு ஒரு பிளான் என்று ரெண்டையும் வரைந்து கொடுக்கிற கைதானே இது. அப்ரூவல் பிளானில் வீட்டைச் சுற்றி மூணடி காலி இடம் அழகாக இருக்கும், கட்டி முடித்ததும் போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் முதுகு உரசும். பேப்பர் எப்படிப் பொய் சொல்லும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வரியை எடுத்து ஒட்டினான். படித்தான். மறுபடி படிக்க மனசு வரவில்லை. 312 என்று இருந்த இடத்தைச் சும்மா ஒரு தடவை பார்த்தான். 313.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான். இலுப்பூர், ஒன்று நாற்பது, இப்போது, இந்த நிமிஷம். நீளம் போடும் இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை, ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாசித்துக்கொண்டிருக்கிறாள். இவன் இங்கே 'படலாம்' என்று ஒட்டிக்கொண்டிருக்க, அங்கே அவள், யாருக்கும் கேட்காது என்று இவன் சொன்னதை நம்பி. ஐயோ, நிறுத்தும்மா என்று சத்தமாகவே சொல்லிவிட்டான், திக்காமல் வந்தது, ஆளில்லாத இடத்தில் எப்போதும் வரும். ஃபேன் ஓடியது. வட்டம் சுற்றியது. அந்த வட்டம் நிற்கிற வரைக்கும் அவன் மூச்சு விட்டானா என்றுகூடத் தெரியவில்லை. ரெண்டு முப்பத்தொன்பது என்று விழுந்தது. போன வாரத்தைவிட ஆறு விநாடி குறைவு, அதில் வந்த சந்தோஷத்துக்காகவே தன்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

தம்பி, குரல் எல்லாத்தையும் உடனே டெலிட் பண்ணுங்க, இனிமே சேமிக்கவும் கூடாது, அவசரம் என்று மெசேஜ் தட்டினான். எழுத்து என்றால் அவன் புலி. பதில் வந்தது. 'சார், எழுத்துல வந்தா நான் மொத்தமா எதையும் அழிக்கிறதில்ல. ஒருதடவை ஒரு கடைக்காரர் போன்லருந்து வேற யாரோ மெசேஜ் போட்டு எல்லாப் படமும் போயிடுச்சு, பெரிய சண்டை. ஓனர் குரல் கேட்டாத்தான் கை வைப்பேன். ஒரு கால் பண்ணிச் சொல்லிடுங்க, அஞ்சு செகண்ட் வேலை.' அஞ்சு செகண்டாம்! குணசீலன் போனைக் கவிழ்த்து வைத்தான். எழுந்து ஜன்னல் வரைக்கும் போனான், வந்தான். டிபன் பாக்ஸைத் திறந்தான், புளியோதரை, மூடினான். செண்பகவல்லியை விட்டுப் பேசச் சொல்லலாமா? ஓனர் குரல் வேண்டுமாமே. நாளைக்குப் பார்க்கலாமா? நாளைக்கு ஒன்று நாற்பதுக்கு அவள் மறுபடி வருவாள்.

கூப்பிட்டான். 'சொல்லுங்க சார்.' வாயைத் திறந்தான். ஒன்றும் இல்லை. திக்குகிறவன் தி தி தி என்று அடுக்குவான் என்றுதான் ஊர் நினைக்கிறது, இவன் திக்கல் அந்த ரகம் இல்லை, இது பூட்டு, சத்தமே வராது, கழுத்து நரம்பு புடைக்கும், அவ்வளவுதான். எதிராளிக்கு வெறும் அமைதி. 'ஹலோ? ஹலோ சார்? டவர் இல்ல போல, அப்புறம் கூப்பிடுறேன் சார்.' வெட்டிவிட்டான். குணசீலனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில். தூ, நீயெல்லாம் ஒரு மனுஷன். ஊருக்கெல்லாம் எழுதுகிறானே: போனில் பேசும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள், நான் திக்குவேன், காத்திருங்கள் என்று, அதில் வெட்கம் என்ன என்று. கட்டுரையே போட்டிருக்கிறான், அதிகம் பேர் படித்த பக்கம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவன் செய்திருக்கிறானா? மறுபடி நம்பரை அமுக்கினான்.

'சார், இப்ப கேக்குதா?' 'தம்பி,' என்றான், அது வந்தது. 'நான்... தி... திக்குவேன். வெட்டாதீங்க. பொ... பொறுத்துக்கங்க.' பிறகு இன்பராஜின் குரலே மாறிவிட்டது. 'ஐயோ சார், சாரி சார். நான் இருக்கேன், நீங்க மெதுவா...' மெதுவா என்ற வார்த்தையைக் கேட்டால் இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனால் பையன் நல்ல மனசில் சொல்கிறான், விட்டுவிட்டான். 'சார், இன்னொன்னு. இந்த மாதிரி மொத்தமா அழிக்கிறப்ப நான் போன் பேச்சை ரெக்கார்ட் பண்ணிக்குவேன், என் சேஃப்டிக்கு, எல்லார்கிட்டயும் அப்படித்தான். உங்களுக்குச் சம்மதம்னா முழுப் பேரு, என்ன பண்ணணும்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க.' குணசீலனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முந்நூற்றுப் பதின்மூன்று பதிவை அழிக்க வேண்டும் என்றால் இவன் திக்கினதை ஒருத்தன் போனில் வைத்துக்கொள்வான். ஆனால் ஒன்று, இந்தப் பையன் கேட்டுவிட்டுச் செய்கிறான். சம்மதமா என்று கேட்கிறான். நான் யாரைக் கேட்டேன்? 'ச... சம்மதம்' என்றான். பிறகு பேர். கு. மூச்சு நின்றது. சீலன் என்று சொல்லு, அவன் ஒத்துக்கொள்வான், எழுத்தில் முழுப் பேர் இருக்கிறதே, சொல்லிட்டுப் போ. வேண்டாம். தாடை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் போயிற்று, கால் கட்டைவிரல் தரையை அழுத்தியது, கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போய் மறைந்தது, இன்பராஜ் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அவன் வெட்டவில்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கு... கு... குண... குணசீலன். வந்துவிட்டது. எல்லாக் குரலையும். கொஞ்சம் இளைப்பாறினான். ட... ட... 'தூக்கிடுங்க' என்று ஒரு வார்த்தை பக்கத்திலேயே கை நீட்டிக்கொண்டு நின்றது, அதைப் பிடித்தால் முடிந்தது. பிடிக்கவில்லை. டெலிட் பண்ணிடுங்க.

'பண்ணிட்டேன் சார்,' என்றான் இன்பராஜ் கொஞ்ச நேரம் கழித்து. 'இனிமே சேமிக்காது, பேக்கப்பையும் எடுத்துட்டேன்.' பிறகு தயங்கினான். 'அந்த ஊர், போன் கணக்கெல்லாம் எடுக்கிற கவுன்ட்டர் இருக்கே சார், அது இருக்கட்டுமா? அதை எடுத்துட்டா யாரு வந்தாங்க, எத்தனை பேரு வந்தாங்கன்னு உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.' மேலூர், பட்டுக்கோட்டை, யாழ்ப்பாணம். காலையில் பல் விளக்கினதும் இனி எதைத் திறந்து பார்ப்பான்? அது ஒன்றாவது இருக்கட்டும் என்று நெஞ்சு கெஞ்சியது, வாய்விட்டே கெஞ்சியிருக்கும். 'அ... அ... அதையும்' என்றான்.

ஒட்டியிருந்த வரியை அழித்துவிட்டுக் கொள்கையை எழுதினான். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எழுத்தில்தான் புலியாயிற்றே. என்னென்ன எடுத்தோம் என்று ஒன்று விடாமல் போட்டான். குரலைச் சேமிக்கச் சொன்னது நான்தான், பயிற்சி அறையில் எழுதி வைத்திருந்தது ரெண்டு வருஷமாகப் பொய்யாக இருந்தது, இன்று எல்லாவற்றையும் அழித்தாயிற்று, எதையும் நான் போட்டுக் கேட்கவில்லை, அதை நீங்கள் நம்புவதற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், குணசீலன். பயிற்சி அறையின் வாசலில் பெரிய எழுத்தில் அதையே ஏற்றினான், யாரும் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது. மேடத்துக்கும் அதையே அனுப்பினான். இதைப் படித்துவிட்டு எந்தக் காலேஜ் பட்டியலில் சேர்ப்பார்கள்? சேர்க்காவிட்டால் போகட்டும். அதைப் பற்றி அவனுக்கு இப்போது பெரிசாக ஒன்றும் தோன்றவில்லை. வரைபடம் இருந்த பக்கத்தைப் பழக்கத்தில் திறந்தான், வெள்ளையாக இருந்தது. நாளைக்கு ஒன்று நாற்பதுக்கு இலுப்பூரில் அவள் போனைத் திறப்பாள், முதலில் இதைத்தான் படிப்பாள். படித்துவிட்டு வாசிப்பாளா, ச்சீ என்று மூடிவிட்டு இந்த ஜென்மத்தில் எங்கேயும் வாய் திறக்காமல் போய்விடுவாளா? ரெண்டு முப்பத்தொன்பது ரெண்டு முப்பது ஆகுமா? தெரியாது. இனி அவனுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் நியாயம், அது அவனுக்கு நன்றாகவே புரிந்தது, இருந்தாலும் யாராவது வந்து சொல்லிவிட மாட்டார்களா என்று அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.